ஐம்பதுக்குக் கீழே

அந்த எவர்சில்வர் தூக்கு அரை லிட்டர் கொள்ளும். மூடியின் குமிழ் எப்போதோ கழன்றுபோய், அந்த இடத்தில் ஒரு திருகாணியை வைத்து முறுக்கியிருக்கிறது. அடிப்பக்கம் ஒரு இடத்தில் நசுங்கியிருப்பதால் மேடையில் வைத்தால் லேசாகச் சாயும். மந்தைவெளியில் அக்கா வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு ஆணியில் அது தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளச்சேரியிலிருந்து நான் போய்ச் சேர்ந்ததும் செய்கிற முதல் வேலை அதை எடுத்துக் கழுவுவதுதான். பிறகு இரண்டு மாடி இறங்கி, தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இளநீர்க்காரரிடம் போய் நிற்பேன். "இன்னா சார், அக்காவுக்கா? கை எப்படி கீது இப்போ?" என்று கேட்டுக்கொண்டே அவர் காயைச் சீவுவார். பரவாயில்லை என்பேன். வாரம் தவறாமல் அவர் கேட்கிறார். ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு மனிதர் கேட்கிற அந்தக் கேள்வியை, என் அப்பாவைப் பற்றி நான் இரண்டு வருஷம் கேட்காமல் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தூக்கு அப்பாவுக்காக எடுத்து வைத்தது. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்காவும் அவரும்தான் அந்த வீட்டு வசதி வாரிய வீட்டில் இருந்தார்கள். அக்கா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை பார்த்தாள். நான் வேளச்சேரி, தம்பி கனடா. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கவாதம், வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரால் ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச முடியவில்லை. டம்ளரில் கொடுத்தால் பாதி கழுத்து வழியாகப் போனது. அதனால் அக்கா இளநீரைத் தூக்கில் வாங்கி வந்து, ஒரு ஸ்பூன் கொடுப்பாள், அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்ப்பாள், அடுத்த ஸ்பூன் கொடுப்பாள். ஒரு இளநீர் உள்ளே போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நான் அதை ஒரே ஒரு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். பாதியில் எனக்கு அலுத்துப்போய் போனைப் பார்க்க ஆரம்பித்தேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என்று முதல் வாரத்திலேயே பேசி முடித்தோம். பேசி முடித்தோம் என்றால், நான் சொன்னேன், இருவரும் சரி என்றார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒரு பழமொழியையும் எடுத்து விட்டேன். பணத்தால் பிரிந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருந்ததால், கணக்கு சுத்தமாக இருந்தால் உறவும் சுத்தமாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். 'அப்பா' என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு. யார் என்ன செலவு செய்தாலும் அதில் எழுத வேண்டும். சனிக்கிழமைகளில் நான் அவற்றை ஒரு எக்செல் ஷீட்டில் ஏற்றுவேன். அந்த ஷீட்டை மூவருமே போனில் திறந்து பார்க்கலாம். ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டினேன். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாவின் சம்பளத்தைத் தம்பி அனுப்பினான். மாதாந்திர மருந்தும் மற்றதும் அக்கா. யார் அதிகம் போட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு மற்றவர்கள் கடைசியில் கொடுத்துச் சரி செய்துகொள்வது என்று ஏற்பாடு.

அக்காவின் செய்திகள் சின்னச் சின்னதாக வரும். 'இளநீர் 45.' 'வாழைப்பழம் 30.' 'ஷேர் ஆட்டோ 20.' 'இஸ்திரி 36.' 'பூ 20.' எது எப்போது நடந்ததோ அப்போதே எழுதிவிடுவாள். சேர்த்து எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இரண்டு மாதம் போயிருக்கும், தம்பி கூப்பிட்டான். "அண்ணா, மீட்டிங்ல இருக்கும்போது டிங் டிங்னு அடிக்குதுண்ணா. அப்பாவுக்கு என்னவோ ஏதோன்னு பதறிப்போய்ப் பாத்தா, இளநீர் நாப்பத்தஞ்சு. இதெல்லாம் வேணுமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் நானும் அந்தக் குழுவின் சத்தத்தை அதற்கு முன்பே அடக்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை உட்கார்ந்து அந்த நாற்பத்தைந்தையும் இருபதையும் ஏற்றுவது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. நாம் என்ன, ரேஷன் கடையா நடத்துகிறோம் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, சில்லறையெல்லாம் பாக்க வேணாம்க்கா. ஒவ்வொண்ணையும் கிட்ட இருக்கற நூறுக்கு முழுசாக்கிடறேன். அம்பதும் அதுக்கு மேலயும் இருந்தா நூறு, அம்பதுக்குக் கீழே இருந்தா பூஜ்யம். சில சமயம் உனக்கு லாபம், சில சமயம் எங்களுக்கு. கடைசில சரியாப் போயிடும்" என்றேன். அக்காவுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "அப்போ எழுத வேணாமாடா?" என்று கேட்டாள். "எழுது எழுது, பதிவுல இருக்கட்டும்" என்றேன். அவள் குரல் உடனே தெளிந்தது. "சரிடா, உனக்கு எது சுலபமோ அப்படிச் செய்" என்றாள். அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அக்கா ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

இதில் நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தரமணிப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபது வருஷமாக நான் செய்வது வங்கிகளுக்கு வட்டி போடுகிற மென்பொருள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் நான்தான் வகுப்பு எடுப்பேன். போர்டில் இரண்டு பேரை வரைவேன். ஒருவர் கணக்கில் ஆயிரம் ரூபாய் இருக்கிறது, இன்னொருவர் கணக்கில் ஒரு லட்சம். மூன்றரை சதவீத வட்டி என்றால் ஆயிரத்துக்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய பத்துப் பைசா. லட்சத்துக்கு ஒன்பது ரூபாய் ஐம்பத்தொன்பது பைசா. ஒவ்வொரு நாளும் முழு ரூபாய்க்கு மாற்றினால் என்ன ஆகும்? லட்சக்காரருக்கு தினமும் பத்து ரூபாய், கொஞ்சம் லாபம். ஆயிரக்காரருக்கு தினமும் பூஜ்யம். வருஷம் முழுக்கப் போட்டாலும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தோடு கூட்டினால் பூஜ்யம்தான். அவருக்கு வர வேண்டிய முப்பத்தைந்து ரூபாயை நாம் முழுசாக விழுங்கிவிட்டோம். "பைசாவை வழியில விடாதீங்க. கடைசி வரைக்கும் தூக்கிட்டுப் போங்க. கடைசியில, ஒரே ஒரு தடவை, முழுசாக்குங்க" என்று சொல்லி மார்க்கர் மூடியைத் திருகுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அப்பா படுக்கையில் இருந்த அந்த இரண்டு வருஷத்திலும் நான் அந்த வகுப்பை எடுத்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

கூடியும் குறைந்தும் கடைசியில் சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொன்னது பொய் அல்ல. பெரிய செலவுகளுக்கு அது உண்மை. ஆஸ்பத்திரி பில் பன்னிரண்டாயிரத்து நானூற்று அறுபது என்றால் பன்னிரண்டாயிரத்து ஐநூறு ஆகும். அடுத்தது எட்டாயிரத்து முன்னூற்று இருபது என்றால் எட்டாயிரத்து முன்னூறு ஆகும். நானும் தம்பியும் போட்டதெல்லாம் அப்படி மேலும் கீழுமாக ஆடி நேராகிவிட்டது. ஆனால் தினசரிச் செலவு எல்லாம் அக்காவுடையது, அதில் எதுவுமே ஐம்பதைத் தொடாது. ஒரு பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் குழுவிலிருந்து நகல் எடுத்து ஷீட்டில் ஒட்டியவன் நான். ஒட்டினவுடன் பக்கத்துக் கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று வரிசையாக விழும். என் கண் அதைப் பார்த்தது. வேலை சீக்கிரம் முடிந்தது என்று டீ போடப் போய்விடுவேன்.

கடைசி மழைக்காலத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசிப் பத்து நாளும் குழுவில் ஊசி, ஆக்சிஜன், டாக்டர் வீட்டுக்கு வந்த செலவு என்று பெரிய தொகைகள் மட்டுமே வந்தன. அந்தச் சனிக்கிழமை ஷீட்டில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. அட, இந்த வாரம் கணக்கு சுத்தமாக இருக்கிறதே என்று நான் நினைத்தேன். அதை நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அதற்கு அடுத்த செவ்வாய் விடிகாலையில் அப்பா போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். தம்பிக்கு மறுநாள் விமானம். அவன் போவதற்குள் முடித்துவிடலாம் என்று நான் கணக்கை அச்செடுத்து வந்திருந்தேன். மொத்தம் ஆறு லட்சம். ஆளுக்கு இரண்டு லட்சம். அக்கா போட்டிருந்தது ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம். ஆக, அவள் எங்களுக்கு முப்பத்தாறாயிரம் தர வேண்டும். அந்தத் தாளை அக்கா கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள். எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. நான் பெருந்தன்மையோடு, "அவசரமே இல்லக்கா, மூணு தவணையாக் குடு" என்றேன். இன்றைக்கும் குளிக்கும்போதோ ரயிலில் நிற்கும்போதோ அந்த வாக்கியம் திடீரென்று காதில் விழுந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அக்கா தாளை நாலாக மடித்தாள். "வேணாம்டா, ஒரேயடியாத் தீத்துடறேன். அப்பா பேர்ல பாக்கி இருக்கக் கூடாது" என்றாள்.

அப்பா பேரில் பாக்கி என்றால் அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பொருள் உண்டு. சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டர்கள் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதித் தருவார்களே, அப்பாவும் எழுதித் தருவார். ஆனால் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, பஸ்ஸின் பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் நடந்து, "மீதி யாருக்காவது இருக்கா? கேட்டு வாங்கிக்கங்க, மறந்துடாதீங்க" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே வருவார். சின்ன வயதில் நாங்கள் அந்த பஸ்ஸில் போனால் எங்களுக்கு அவமானமாக இருக்கும். கேட்காதவர்களுக்குக் கொடுக்க வேண்டாமே, பல பேர் மறந்துவிட்டு இறங்குவார்கள், அது நமக்குத்தானே என்று ஒரு தடவை நான் கேட்டபோது, அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. இவன் யாருக்குப் பிறந்தான் என்பதுபோல் பார்த்தார், அவ்வளவுதான். அக்கா அடுத்த வாரமே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டாள். என் பங்குக்கு வந்த தொகையில் வீட்டு இன்வெர்ட்டருக்கு புது பேட்டரி போட்டேன். வேளச்சேரியில் மழை பெய்தால் கரண்ட் போகும்.

ஒரு வருஷம் கழித்து அக்கா விழுந்தாள். தோசை மாவு வாங்க அந்தத் தூக்கோடு கீழே இறங்கியவள், படி முடிந்துவிட்டது என்று நினைத்து, இன்னொரு படி இருந்த இடத்தில் காலை வைத்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்தது. தூக்கு நசுங்கியதும் அன்றைக்குத்தான். மாவுக் கட்டுப் போட்ட டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கே, ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்க?" என்று கேட்டார். அக்கா சிரித்தாள். வெளியே மருந்து வாங்க நிற்கும்போது நான் விடாமல் கேட்டேன். படிகூடத் தெரியாத கண்ணோடு நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் இருக்கிற எண்ணை எப்படிப் படித்தாய், ஏன் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "அதுக்குன்னு வெச்சிருந்த காசுதான்டா கணக்குத் தீக்கறப்போ போச்சு. திருப்பிச் சேத்துக்கினு இருக்கேன், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றாள். சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, "இதுல இன்னா போட்டுகிறாருன்னு பாரு" என்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினேன். மனசு சரியில்லை. எதற்காக ஷீட்டைத் திறந்தேன் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், தப்பைக் கண்டுபிடிக்க அல்ல. கணக்கு சரிதான், நான் நியாயமாகத்தான் வாங்கினேன் என்று ஒரு தடவை பார்த்து ஆறுதல் அடையத்தான். வண்டி பசுமைவழிச் சாலையைத் தாண்டி அடையாற்றுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பூஜ்யங்கள் அப்போதுதான் உறைத்தன. முழுசாக்குகிற கட்டத்தை நீக்கிவிட்டு அக்கா எழுதிய உண்மையான தொகைகளைக் கூட்டச் சொன்னேன். அந்தச் சில்லறை மட்டும் எண்பத்து நாலாயிரம் ரூபாய். அதையும் சேர்த்து மறுபடி மூன்றாகப் பிரித்தால், அக்கா எங்களுக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. நாங்கள்தான் அவளுக்கு இருபதாயிரம் தந்திருக்க வேண்டும். தர வேண்டியவர்களாகிய நாங்கள் முப்பத்தாறாயிரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். வேளச்சேரியில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கூட்டிப் பெருக்குகிறவர் ஒருவர் வந்து, "சார், வண்டி திரும்பப் போவுது, எறங்கு" என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

தம்பிக்கு எழுதினேன். அவன் பங்கு இருபத்தெட்டாயிரம் பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தது, கூடவே ஒரு கட்டைவிரல். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கட்டைவிரலை அவனுக்குப் பழக்கியவன் நான். என் இருபத்தெட்டாயிரத்தையும் சேர்த்து ஐம்பத்தாறாயிரத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை மந்தைவெளிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். "இதெல்லாம் எதுக்குடா, நமக்குள்ள" என்று அவள் தள்ளிவிடுவாள், நான் வற்புறுத்துவேன், இருவரும் கொஞ்சம் அழுவோம், பாரம் இறங்கிவிடும் என்று ஒரு காட்சியை மனசுக்குள் ஓட்டி வைத்திருந்தேன்.

அப்படி நடக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அக்கா, "குடு" என்று இடது கையை நீட்டினாள். கவரைப் பிரித்து நோட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஐநூறு ரூபாய் நோட்டுகள். வலது கை மாவுக் கட்டோடு தொங்கிக்கொண்டிருந்ததால் இடது கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு நோட்டையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வைத்தாள். "நான் எண்ணட்டுமாக்கா?" என்றேன். "வேணாம். நானே எண்ணிக்கறேன்" என்றாள். இடையில் ஒரு முறை எண்ணிக்கை தப்பிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஸ்பூனில் இளநீர் குடித்ததைப் பார்த்தபோது எடுத்த போனை இப்போது எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. "சரியா இருக்கு" என்று சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள்.

"உனக்கு அப்பவே தெரியுமாக்கா?" என்று கேட்டேன்.

"பூஜ்யம் பூஜ்யமா வந்துக்கினே இருந்துதே. அப்போ கண்ணு இவ்ளோ மோசமில்லடா."

"ஏன் கேக்கல?"

"நாப்பத்தஞ்சு ரூபாய்க்கு அக்கா சண்டைக்கு வராப்பான்னு ஆயிடும். கணக்கு உன் வேலை, நீயே பாப்பேன்னு இருந்தேன்."

"கணக்குல சேரலன்னு தெரிஞ்சும் தினம் தினம் ஏன் எழுதின?"

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். புரை விழுந்த கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. "காசுக்கா எழுதினேன்?" என்றாள். "அப்பா இன்னைக்கு இன்னா சாப்ட்டாருன்னு நீங்க ரெண்டு பேருமே ஒரு நாளாவது கேட்டீங்களா? போன் பண்ணா, ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ ஆச்சு, ஆயா வந்தாங்களா, இவ்ளோதான். நானா போன் பண்ணி அப்பா இளநீ குடிச்சாருடான்னு சொன்னா, வேலையா இருக்கேன்னுவ. கணக்குன்னா பாப்ப. இளநீர்னு இருந்தா அன்னைக்குத் தொண்டையில எறங்குச்சுன்னு அர்த்தம். வாழப்பழம்னு இருந்தா மென்னாருன்னு அர்த்தம். படிச்சாவது தெரிஞ்சுக்குவீங்கன்னு போட்டேன்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு எழுந்து போய் எனக்கு ஒரு கையால் காப்பி கலக்க ஆரம்பித்தாள். எழுந்து போய் உதவ வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

எழுத வேண்டாமா என்று அவள் அன்று கேட்டது இதைத்தான். பணம் போகட்டும், அப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்வதையும் நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். பிறகு நான் அந்தக் குழுவின் பழைய செய்திகளை முதலிலிருந்து படித்தேன். இரண்டு வருஷமாக நான் நகல் எடுத்து ஒட்டியவற்றை அப்போதுதான் வாசித்தேன். ஒரே நாளில் இரண்டு முறை 'இஸ்திரி' என்று இருந்த நாட்கள் உண்டு. அது என்ன என்று அக்காவிடம் கேட்டேன். அப்பா படுக்கையை நனைத்துவிட்டு வெட்கப்பட்டு அழுத நாட்கள் அவை, மழை ஈரத்தில் விரிப்பு காயாமல் இஸ்திரிக்காரரிடம் கொடுத்து உலர்த்தியிருக்கிறாள். 'பூ 20' என்பது அம்மாவின் படத்துக்கு. அப்பா இடது கையைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டிய நாட்களில் மட்டும் அதை வாங்கியிருக்கிறாள். ஒரு வெயில் காலத்தில் தினமும் இரண்டு இளநீர். கடைசிப் பத்து நாளில் ஒன்றுகூட இல்லை. சுத்தமாக இருக்கிறது என்று நான் மகிழ்ந்த அந்த வாரத்தில் அப்பாவின் தொண்டையில் எதுவுமே இறங்கவில்லை. அது என் கையில், என் ஷீட்டில் இருந்தது. வந்து பார்த்திருக்கலாம். மந்தைவெளி அப்படி ஒன்றும் தூரமில்லை.

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போது நன்றாகப் படிக்கிறாள். மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது. எடை தூக்கினால் வலிக்கிறது, தூக்கு நிறைய இளநீரோடு மாடி ஏற முடியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்டதில்லை. என்னோடு சாதாரணமாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள், என் மகளின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறாள். ஆனால் ஒரு விஷயம் மாறிவிட்டது. நான் தூக்கை மேசையில் வைத்ததும், "எவ்ளோடா ஆச்சு?" என்று கேட்பாள். "அறுபதுக்கா" என்பேன். பர்ஸைத் திறந்து ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றும் பத்து ரூபாய் நாணயம் ஒன்றும் எடுத்து, சரியாக என் உள்ளங்கையில் வைப்பாள். விடுக்கா, சில்லறைதானே என்று ஒவ்வொரு வாரமும் நாக்கு நுனி வரை வருகிறது. அந்த வார்த்தையை அந்த வீட்டில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். தூக்கு வழக்கம்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அக்கா டம்ளரில் ஊற்றிக் குடித்தாள், மீதி இருந்ததை அண்ணாந்து தூக்கிலிருந்தே குடித்து முடித்தாள், "இன்னைக்கு நல்லா இனிப்புடா" என்றாள். நான் போனை எடுத்தேன். 'அப்பா' என்ற அந்தக் குழுவை யாரும் கலைக்கவில்லை, நாங்கள் மூவரும் இன்னும் அதில் இருக்கிறோம். 'அக்கா இன்னைக்கு முழு இளநீரும் குடிச்சிட்டா. இனிப்பா இருந்துதாம்' என்று எழுதினேன். தொகை போடவில்லை. கொஞ்ச நேரத்தில், தம்பியும் பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.